கணினியின் காய்ச்சலும் மயக்கமும்

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு வெள்ளவத்தையிலுள்ள தமக்கையார் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தபொழுது, பண்டிகை வீட்டுக்குரிய கலகலப்பு அங்கே காணப்படவில்லை. பலகாரத் தட்டை நம்முன் வைத்த தமக்கையார், உள்ளறையைக் கண்ணாற் சுட்டிக்காட்டி, “தம்பி, மூண்டு நாளாய்த் தேப்பனும் மகனும் முகங்குடுத்துக் கதைக்கிறேல்லை. எல்லாம் உந்தப் பெட்டியாலை வந்த வினை” என்று தாழ்ந்த குரலிற் கூறினார்.

பெட்டி என்று அவர் குறிப்பிட்டது கணினியை. தமக்கையாரின் புதல்வனாகிய நம் மருமகன் படவரைஞர் தொழில் பயின்றவன். வீடு கட்டுவோருக்கு வரைபடங்கள் தயாரித்துக் கொடுத்து நான்கு காசு சம்பாதிக்கத் தொடங்கியிருந்தான். அதற்கொரு கணினி வேண்டுமென்று அவன் கேட்டபோது, ஓய்வுபெற்ற ஆசிரியராகிய அத்தான் தம் பணிக்கொடைப் பணத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தார். பையன் கடையிற் பூட்டி முடித்த இயந்திரத்தை வாங்காமல், உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி, சிலவற்றைப் புதிதாகவும் சிலவற்றைப் பழையனவாகவும் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையின்மீது பரப்பி வைத்துத் தானே பூட்டினான். அவ்வாறு செய்ததில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பணம் மீதமாயிற்று என்பது அவன் கணக்கு.

மூன்று வாரங்கள் இயந்திரம் பழுதின்றி ஓடிற்று. பின்னர் ஒருநாள், வரைந்துகொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்து நின்றது. சுட்டி அசையவில்லை, விசைப்பலகை செவிசாய்க்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கியபோது ஒன்றும் நடவாததுபோல எழுந்து வேலை செய்தது. மறுநாள் இரண்டு முறை. அதற்கு மறுநாள் ஒருமுறையும் இல்லை. அடுத்த வாரம் நாளொன்றுக்கு நான்கு முறை. ஓரிரவு முழுதும் வரைந்த மாடிவீட்டுப் படம் விடியற்காலையில் அழிந்துபோயிற்று. வேலை கொடுத்த ஒப்பந்தகாரர் மாத முடிவுக்குள் படம் வராவிடின் வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். “கடையிலை பூட்டினதை வாங்கியிருந்தால் இந்தக் கரைச்சல் வந்திருக்குமோ? வந்த விலைக்குக் குடுத்துப்போட்டு வேறை வேலையைப் பார்” என்று அத்தான் சொன்னதிலிருந்தே வீட்டிற் பேச்சு நின்றுபோயிற்று.

நாம் இத்தொழிலில் விற்பன்னர் அல்லோம். எனினும் இவ்வகை இயந்திரங்களைப் பலகாலம் கையாண்டு, அவற்றாற் பலமுறை ஏமாற்றப்பட்டவர் என்ற உரிமையில், விற்பதற்கு முன்பு சிலநாள் தவணை தரும்படி அத்தானிடம் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

பெட்டியைப் பார்க்க உள்ளறைக்குச் சென்றோம். அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டிக்குப் பூவேலை செய்த உறை போடுவதுபோல, தமக்கையார் கணினிக்கும் வெண்துணியில் மயில் தைத்து ஓர் உறை போட்டிருந்தார். கடற்காற்றும் காலி வீதித் தூசியும் படக்கூடாதென்பது அவர் எண்ணம். உறையோடு சேர்த்து அதனை மேசையின் கீழுள்ள மரத்தட்டுக்குள் இறுக நுழைத்தும் வைத்திருந்தார்கள். உறைக்குள் கையை விட்டோம். இட்டலிச் சட்டியின் மூடியைத் திறந்ததுபோல வெப்பம் முகத்தில் அடித்தது. “இதுதான் காரணம்!” என்று அப்போதே மனத்துட் சொல்லிக்கொண்டோம். அவசரப்பட்டுவிட்டோம் என்பது பின்னரே தெரிந்தது.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து இருந்தது. தமக்கையாருக்கு உப்புக்காற்று, அத்தானுக்குப் பழைய சாமான், பையனுக்கோ மென்பொருட் கோளாறு. அவன் விண்டோஸை இருமுறை முற்றாக அழித்துப் புதிதாய் இட்டுப் பார்த்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் மின்சாரத்தின்மீது பழி போட்டார். அவ்வாண்டு பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்திற் குரங்கொன்று புகுந்ததனால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதாக அமைச்சரே சொன்ன பின்பு, எந்த வீட்டில் எது நின்றாலும் குரங்கை நினைப்பது இயல்பாகிவிட்டது.

நாம் முதலிற் கேட்டது திருப்புளியன்று. ஓர் அப்பியாசக் கொப்பி. இயந்திரம் உறையும் ஒவ்வொரு முறையும் நேரம், அப்போது நடந்துகொண்டிருந்த வேலை, செயலியின் வெப்பநிலை, உறைந்த விதம் ஆகியவற்றை அதில் எழுதும்படி மருமகனிடம் சொன்னோம். செயலிக்குள்ளேயே வெப்பமானிகள் உண்டு. அவை காட்டும் அளவை எச்டபிள்யூ இன்போ போன்ற இலவச மென்பொருள் திரையில் எழுதிக் காட்டும். உறைந்த விதத்தை அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. விசைப்பலகையில் ‘கப்ஸ் லொக்’ என்னும் விசையை அழுத்திப் பார்க்கவேண்டும். அதன் சிறு விளக்கு எரிந்து அணையுமாயின் இயந்திரம் உயிரோடிருக்கிறது, ஏதோ ஒரு மென்பொருள் மட்டும் சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். விளக்கும் அசையாதாயின் கோளாறு ஆழமானது. சுட்டி மட்டும் அசைந்து, ஏனைய யாவும் ஒரு நிமிடம்வரை நின்று பின்னர் தாமாகத் தொடருமானால், தகவலைச் சேமிக்கும் வட்டிலையோ அதன் இணைப்பு வடத்தையோ சந்தேகிக்க இடமுண்டு. மருமகனுடைய இயந்திரத்தில் விளக்கு ஒருமுறையேனும் அசையவில்லை.

விண்டோஸ் தன் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கேர்னல் பவர் 41’ என்று ஒரு குறிப்பை ஒவ்வொரு முறையும் எழுதியிருந்தது. அதைக் கண்டு, மின்வழங்கும் பகுதி பழுதென்று பையன் முடிவுகட்டத் தலைப்பட்டான். முறைப்படி மூடப்படாமல் இயந்திரம் நின்றது என்பதற்கு மேல் அந்த இலக்கம் ஒன்றும் சொல்வதில்லை. உறைந்த இயந்திரத்தை நாமே பொத்தானை அழுத்தி நிறுத்தினாலும் அடுத்த முறை எழும்போது அதையேதான் எழுதும்.

இரண்டு நாட்களில் ஏழு குறிப்புகள் சேர்ந்தன. ஆறு, பிற்பகலில், பெரிய வரைபடம் திறந்திருந்த வேளையில், வெப்பநிலை 95 பாகைக்கு மேலே நின்றபோது நிகழ்ந்தவை. ஏழாவது, காலை ஆறு மணிக்கு, வெறுமனே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, 60 பாகையில் நிகழ்ந்தது. ஏழில் ஆறு ஒன்றையே சொல்லும்போது மற்றொன்றை யார் பொருட்படுத்துவார்? நாமும் பொருட்படுத்தவில்லை.

வெப்பம் கணினிகளுக்குப் புதிய பகையன்று. 1946இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது 150 கிலோவாற் மின்சாரத்தை விழுங்கி, அவ்வளவையும் வெப்பமாக உமிழ்ந்தது. வெப்பத்தை அகற்றப் பெரிய ஊதுவிசிறிகள் வேண்டியிருந்தன. இயந்திரத்தை அணைத்து மீண்டும் ஏற்றும் வேளைகளிலேயே பெரும்பாலான குழாய்கள் பழுதடைவதைக் கண்டு, பிற்காலத்தில் அதனை அணைக்காமலே வைத்திருந்தனராம். அதற்கு நேர்மாறாக, 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மேசைக் கணினியின் 8088 செயலிக்கு விசிறியும் இல்லை, வெப்பத்தகடும் இல்லை. அது அவ்வளவு சாதுவான பிறவி. இன்றைய செயலிகள் அத்தகையன அல்ல. மருமகன் வாங்கியிருந்த இன்ரெல் ஐ5-10400 என்னும் செயலி, வழக்கமான வேலைப்பளுவில் 65 வாற் வெப்பத்தை வெளியேற்றுமென்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. பழைய காலத்து 60 வாற் மின்குமிழை எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். அதனினும் கூடிய வெப்பம் பெருவிரல் நகத்தளவான சிலிக்கன் துண்டொன்றிலிருந்து பிறக்கிறது.

அத்துண்டு 100 பாகையை எட்டியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெயிலிற் களைத்த மாடு நடையைத் தளர்த்துவது போன்றதே இது. அப்படியும் வெப்பம் ஏறுமாயின் இறுதியில் மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிடும். ஆகவே வெப்பத்தின் இயல்பான அறிகுறிகள் இரண்டு. முதலில் மந்தம், பின்னர் திடீரென அணைதல். படம் மாறாமல் சிலைபோல் நிற்பது அவ்விரண்டிலும் சேராது. இதை நாம் அறிந்திருந்தோம். ஆனால் கை சுட்ட வேகத்தில் மறந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை, இணைப்பு வடத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். திறக்குமுன் அதன் வெறும் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்வது நன்று. மின்வழங்கும் பெட்டியின் உள்மூடியை மாத்திரம் எக்காரணங்கொண்டும் திறத்தலாகாது; வடத்தைக் கழற்றிய பின்னும் அதனுள்ளே உயிராபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

உள்ளே கண்ட குறைகள் மூன்று. முன்பக்கத்துத் தூசுவலை கம்பளிபோல அடைத்திருந்தது. அதனை மென்மையான தூரிகையால் துடைத்தோம். விசிறிகளைத் துடைக்கும்போது இறக்கைகளை விரலாற் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதிச் சுழலவிட்டால் அச்சு கெடும். அடுத்து, பின்பக்க விசிறி திருப்பிப் பூட்டப்பட்டிருந்தது. முன்விசிறியும் உள்ளே ஊத, பின்விசிறியும் உள்ளே ஊத, நடுவே அகப்பட்ட சூடான காற்று வெளியேற வழியறியாது சுற்றிக்கொண்டிருந்தது. விசிறியின் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கத்தில் உள்ளனவோ, பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே காற்று வெளிவரும். ஐயமானால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதே முதன்மையானது. செயலியின்மீது அமரும் விசிறியோடு கூடிய வெப்பத்தகட்டுக்கு நான்கு மூலைகளிலும் பிளாஸ்ரிக் முளைகள் உண்டு. அவற்றை மூலைக்கு மூலையாக, ‘கிளிக்’ என ஒலி கேட்கும்வரை அழுத்தவேண்டும். முளையின் தலையிலுள்ள அம்புக்குறி, கழற்றும்போது திருப்பவேண்டிய திசையைக் காட்டுவது. பூட்டும்போதும் அத்திசையிலே திருப்பவேண்டுமென்று எண்ணிப் பலர் ஏமாறுகின்றனர். நம் மருமகனும் ஏமாந்திருந்தான். ஒரு முளை கழன்ற நிலையிலேயே நின்றது. வெப்பத்தகடு ஒருபக்கம் மயிரிழையளவு தூக்கியிருந்தது. தாய்ப்பலகையின் பின்புறத்தைப் பார்த்தால், சரியாகப் பூட்டிய துளைகளில் வெண்ணிறக் கால்கள் விரிந்து, நடுவே கரிய முளை தெரியும். மூன்றில் அவ்வாறு தெரிந்தது, நான்காவதில் தெரியவில்லை.

தகட்டைக் கழற்றியபோது, இடையிலே பூசியிருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. பழைய செயலியோடு வந்த பழைய தகட்டை அப்படியே வைத்துவிட்டானாம். ஐசோபுரோப்பைல் மதுசாரம் தோய்த்த துணியால் இரு பரப்பையும் துடைத்து, புதிய பசையை ஒரு பட்டாணியளவு நடுவில் இட்டு, தகட்டை நேராக இறக்கி அமர்த்தினோம். பசை வெண்ணெய்போலத் தடித்துப் பூசப்படவேண்டியதன்று. இரு உலோகங்களுக்கும் இடையிலுள்ள நுண்ணிய காற்றிடைவெளிகளை நிரப்புவதே அதன் வேலை; தடித்தால் அதுவே தடையாகிவிடும். பின்னர் பெட்டியை மேசைக்கு மேலே, நாற்புறமும் காற்றுப்பட வைத்தோம். மயில் உறை மடித்து வைக்கப்பட்டது. தமக்கையாருக்கு அதிற் சிறிது மனவருத்தமே.

சும்மா இருக்கும்போது 62 பாகையாக இருந்த வெப்பநிலை 41 ஆயிற்று. பெரிய வரைபடத்தோடு 99 ஆக இருந்தது 74 ஆயிற்று. அறையின் வெப்பநிலை 31. காற்றைக்கொண்டு குளிர்விக்கும் எந்தச் சாதனமும் அறையிலும் குறைவான வெப்பநிலைக்குச் செயலியைக் கொண்டுசெல்ல இயலாது. அறையில் ஒரு பாகை ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். இதே பெட்டி நுவரெலியாவில் இருந்திருந்தால் கோளாறு வெளிப்படவே இன்னும் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

அன்று முழுதும் இயந்திரம் உறையவில்லை. இரவு உணவின்போது அத்தான் மகனைப் பார்த்து, “அப்ப படம் எப்ப முடியும்?” என்று கேட்டார். நான்கு சொற்களே ஆயினும் வீடு பழையபடி ஆயிற்று. நாமும் மிக்க பெருமிதத்தோடு நித்திரைக்குச் சென்றோம்.

மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கு இயந்திரம் உறைந்து நின்றது. வெப்பநிலை 58 பாகை.

அத்தான் ஒன்றும் சொல்லாமல் விறாந்தைக்குச் சென்று பத்திரிகையை விரித்துக்கொண்டார். பையனின் முகத்தைப் பார்க்க நமக்கே கூச்சமாக இருந்தது. கொப்பியை மீண்டும் எடுத்தபோதுதான், முன்பு நாம் புறக்கணித்த ஏழாவது குறிப்பு கண்ணிற் பட்டது. காய்ச்சல் என்று ஒன்று இருந்தது மெய். அதனை நீக்கியதும் சரியே. ஆனால் மயக்கத்துக்குக் காரணம் வேறெங்கோ இருந்தது. முதலில் அகப்பட்ட குற்றவாளியைப் பிடித்ததும் வழக்கை முடித்துவிட்டோம்.

இம்முறை ஒரு விதி செய்துகொண்டோம்: ஒருநேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. இரண்டை ஒருங்கே மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எது தீர்த்ததென்று தெரியாது. மிஞ்சியது எதுவென்றும் தெரியாது. முதலில் யூ.பி.எஸ். பெட்டியை நீக்கிச் சுவரிலிருந்தே மின்சாரம் கொடுத்தோம். அன்று மாலையே உறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அன்பாக இரவல் தந்த மின்வழங்கியைப் பூட்டினோம். மறுநாளும் உறைந்தது. எஞ்சியவற்றுள் முதன்மையானது நினைவகம். பையன் 8 கிகாபைற் தகடுகள் இரண்டைப் பூட்டியிருந்தான். ஒன்று புதியது, மற்றது ஒருவர் பாவித்து விற்றது.

நினைவகத்தைச் சோதிக்குமுன் வேலைகளையெல்லாம் வேறொரு வட்டிலே படியெடுக்கச் சொன்னோம். பழுதான நினைவகம் உறையச் செய்வதோடு நில்லாது. அதன் வழியாகச் செல்லும் கோப்புகளில் எவருமறியாமற் பிழைகளைப் புகுத்தியும் விடும். பின்னர் மெம்ரெஸ்ற் என்னும் இலவசச் சோதனை மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே அதிலிருந்து இயந்திரத்தைத் தொடக்கினோம். அது நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்தை எழுதி, மீண்டும் வாசித்து, எழுதியதே இருக்கிறதா என்று பார்க்கும். பல மணிநேரம் பிடிக்கும் வேலையாதலின் இரவு பத்து மணிக்குத் தொடக்கிவிட்டுப் படுத்தோம்.

விடியற்காலை நான்கு மணியளவில் மருமகன் நம்மைத் தட்டியெழுப்பினான். “மாமா, சிவப்பாய் வருது!” திரையிற் செந்நிற வரிகள் அடுக்காய் நின்றன. விறாந்தையில் நித்திரையின்றிக் கிடந்த அத்தானும் எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவ்வரிகளை மாணவனின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார்.

தகடுகளின் பொன்முலாமிட்ட தொடுமுனைகளை மதுசாரத்தாற் துடைத்து மீண்டும் செருகிப் பார்த்தோம். கடலோர வீட்டில் உப்புக்காற்றுத் தொடுமுனைகளைக் கெடுப்பதுண்டாதலின் தமக்கையாரின் கருத்தைத் தள்ளிவிடுவதற்கில்லை. வரிகள் மறையவில்லை. பின்னர் ஒரு தகட்டை மட்டும் வைத்துச் சோதித்தோம், பிழையில்லை. மற்றதை மட்டும் அதே துளையில் வைத்தோம், பிழை. அதனையே அடுத்த துளைக்கு மாற்றினோம்; அங்கும் பிழை. துளையை மாற்றிப் பார்க்காதிருந்தால், குற்றம் தகட்டிலா தாய்ப்பலகையிலா என்பது தீர்ந்திராது. பழைய தகடே குற்றவாளி. அத்தானின் கருத்தும் அவ்வளவில் மெய்யாயிற்று. அதைப் பையனே சொன்னான். “நீங்கள் சொன்னது சரி அப்பா” என்றான். அத்தான் ‘ம்’ என்றார்.

இத்தனை நாளும் உறைதலுக்கு ஓர் ஒழுங்கு அகப்படாதது ஏன் என்பதை அத்தான் கேட்டார், ஆசிரியரல்லவா? 8 கிகாபைற் தகடொன்றில் ஏறக்குறைய 6,870 கோடி நுண்ணறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் மின்னேற்றத்தைத் தாங்கும் சிறு கொள்ளளவி. அம்மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்குமாதலின் ஒரு செக்கனின் பதினாறில் ஒரு பங்குக்குள், அஃதாவது 64 மில்லிசெக்கனுக்குள், எல்லா அறைகளையும் இயந்திரம் ஒருதடவை புதுப்பித்துவிடுகிறது. கசிவு மிகுந்த அறைகள் சில இருந்தால், அவை அதுவரை பொறுக்காமல் வெறுமையாகிவிடும். ஓட்டு வீட்டில் ஓர் ஓடு உடைந்திருந்தால், மழை பெய்யும் இரவில் அதன் கீழே படுத்தவரே நனைவார். மற்றையோர் வீடு நன்றாயிருக்கிறதென்பர். அந்தப் பழுதறையில் எந்த நாளில் எந்த மென்பொருள் வந்து படுக்கும் என்பது எவருக்கும் தெரியாது. சிறிய வேலையில் நினைவகத்தின் சிறு பகுதியே பயன்படுவதால் அவ்வறைக்கு முறை வருவது அரிது. பெரிய வரைபடம் திறந்தால் வருவது எளிது.

அத்துடன் வெப்பம் ஏற ஏற அக்கசிவும் கூடும். பிற்பகலில் அடிக்கடி உறைந்ததும், வெப்பத்தைக் குறைத்தபின் நாளுக்கு நான்கு ஒன்றாய்க் குறைந்ததும் இதனாலேயே. காய்ச்சலுக்கும் மயக்கத்துக்கும் தொடர்பு இல்லாமலில்லை. அந்தத் தொடர்பே நம்மை ஏமாற்றியது. நோய் முற்றாகத் தீராமல் பாதி குறைந்தபோதே நாம் ஐயுற்றிருக்கவேண்டும்.

பாவித்த சாமானுக்கு உத்தரவாதம் ஏது? பழுதான தகட்டைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தகட்டோடு பையன் வேலையைத் தொடர்ந்தான். பெரிய படங்கள் திறக்கச் சற்றுத் தாமதமாயிற்று. ஆனால் அப்பியாசக் கொப்பியில் அதற்குப் பின்பு எழுத ஒன்றும் இருக்கவில்லை. மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கையில் மாடிவீட்டுப் படம் ஒப்பந்தகாரரின் கைக்குச் சேர்ந்தது. அதற்குக் கிடைத்த பணத்திற் புதிய நினைவகத் தகடொன்று வாங்கினான். பூட்டுமுன் ஓரிரவு முழுதும் அதனைத் தனியே சோதித்தானாம்.

ஆவணியில் மீண்டும் அங்கே சென்றபோது மயில் உறை தையல் இயந்திரத்தை அலங்கரித்துக்கொண்டிருந்தது. கணினி மேசைமேலே திறந்தபடி நின்றது. அதன் தூசுவலையை மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் துடைக்கும் பொறுப்பை அத்தான் தாமாகவே ஏற்றிருந்தார். பழுதான பழைய தகட்டை எறியவில்லையா என்று கேட்டோம். அவர் பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டினார். அன்றைய பக்கத்துக்கு அடையாளமாக அது உள்ளே இருந்தது.